ஆறு வாரம் கழித்து வந்து திட்டுங்கள்

பல்செட் நான்காவது முறையாகத் திரும்பி வந்தபோது அவள் அதைக் கையில்கூட வாங்கவில்லை. மேசைமேல் வைக்கச் சொன்னாள்.

கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற சர்வேயர். ஆயுள் முழுக்க அடுத்தவர் நிலத்தை அளந்த பழக்கத்தில் தன் மேல்வரிசைப் பற்களையும் கண்ணாடி முன் நின்று அளந்துவிட்டு வருகிறவர். முதல் முறை, கடித்தால் இடிக்கிறது என்றார். இரண்டாவது முறை, பேசினால் விசில் வருகிறது என்றார். மூன்றாவது முறை நிறம். இப்போது குறை என்று எதுவும் இல்லையாம், ஆனால் சரியில்லையாம்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. எவனோ ஒருத்தனோட சிரிப்ப எடுத்து நான் மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

"உங்க மூஞ்சியில எந்தச் சிரிப்ப மாட்டினாலும் அப்படித்தான் இருக்கும்," என்றாள் அவள். "சொந்தமா சிரிச்சுப் பழக்கம் இருந்தாத்தானே?"

சர்வேயர் பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நேராகப் பல் டாக்டரின் அறைக்குப் போனார்.

அந்த மருத்துவமனையின் பின்கட்டில் இருபத்தாறு வருடங்களாகப் பல்செட் செய்கிறவள் அவள். மற்றவர்களின் வாய் பிளாஸ்டர் அச்சாக அவளிடம் வரும். அதன்மேல் மெழுகு பூசி, ஒவ்வொரு பல்லாக நட்டு, வெந்நீர்த் தொட்டியில் வேகவைத்து, உரசி, பளபளப்பாக்கி அனுப்புவாள். முன்னறைச் சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டிவைத்திருக்கும் பல் டாக்டருக்கு ஒரு பல்லை நேராக நடத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் சம்பளம் கொடுக்கிறவர் அவர்.

"ரெண்டு வாரம் லீவு எடுத்துக்கோங்கம்மா," என்றார் அவர், குரலில் தேன் தடவி. "எனக்குப் புரியுது. என் வீட்லயும் அந்த வயசுல இப்படித்தான் இருந்தாங்க."

லீவு அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. 'எனக்குப் புரியுது' என்ற சொல்தான் உள்ளே போய் எரிந்தது. ஐம்பது வயதில் தனக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்கே புரியவில்லை. இவருக்குப் புரிந்துவிட்டதாம்.

மாதவிடாய் கடைசியாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய வருடம் இஷ்டத்துக்கு வந்தது, இஷ்டத்துக்குப் போனது. இப்போது அதன் இடத்தில் வேறு விருந்தாளிகள். மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக ஏறி, இரண்டு காதையும் பிடித்துக்கொள்ளும். நெடுநாள் வரை வெந்நீர்த் தொட்டியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். தொட்டியை அணைத்த பிறகும் வியர்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. தூக்கம் துண்டு துண்டாகப் போயிற்று. சூட்டையும் தூக்கத்தையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். காரணமே இல்லாமல் வந்த அழுகையைத்தான் பொறுக்க முடியவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழியும்வரை அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வெளியே வருவாள்.

அவளுக்கு எப்போதுமே நாக்கு கொஞ்சம் கூர்மைதான். ஆனால் முன்பெல்லாம் யாரை இளப்பமாகப் பார்க்க வேண்டும் என்பதை அவள்தான் முடிவு செய்தாள், அதிலும் நல்ல தேர்வு இருந்தது. இப்போது எதிரே வருகிறவர் எல்லோர்மேலும் அது பாய்ந்தது. சர்வேயர் ஒரு தொந்தரவு பிடித்த மனிதர், அவ்வளவுதான். அன்று அவள் சொன்ன சொல்லுக்கு உரியவர் அல்ல.

அவள் கணவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறும் முன்பே இவர் கால் அழுத்திவிடும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாலே அவருடைய வலது கால் தரையை அமுக்கும். அன்றும் அமுக்கியது.

"லீவு நல்லதுதானே? ரெஸ்ட் எடு," என்றார். "டென்ஷன் ஆகாத. மூச்ச இழுத்து மெதுவா விடு."

"நான் என்ன உங்க கிளட்சா, மெதுவா விடறதுக்கு?"

அவர் தன் தங்கையிடம் பேசினார். அவரால் முடிந்த பெரிய வைத்தியம் அது.

தங்கை, அதாவது அவளுடைய நாத்தனார், ஒரு செருப்புக் கடையின் மாடியில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறாள். அவளுக்கு இவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் மைக். இருமினால் எதிர்ச் சுவருக்குக் கேட்கும் அளவு சின்ன அறையில், பதினான்கு பெண்களுக்காக, காதில் மாட்டி வாய்க்கு முன்னால் வளையும் மைக்கை வைத்துக்கொண்டு கத்துகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

கணவரின் தொல்லை தாங்காமல் லீவின் இரண்டாம் நாள் காலை அங்கே போனாள். அறை முழுக்கப் புது ரப்பர் வாசனை.

"மெனோபாஸ்ங்கறது முடிவு இல்ல! ஆரம்பம்!" என்று மைக் அலறியது.

"எதோட ஆரம்பம்?" என்று இவள் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"உங்களுக்குள்ள இருக்கற பட்டாம்பூச்சியோட ஆரம்பம், அண்ணி!"

பதினான்கு பெண்கள் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தங்களைத் தாங்களே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. பிறகு, மூன்று எண்ணியதும் வாய்விட்டுச் சிரிக்க வேண்டுமாம். சிரித்தார்கள். பதினான்கு வாய்களையும் இவள் வரிசையாகப் பார்த்தாள். மூன்று வாய்களில் இருந்தவை அவள் கையால் நட்ட பற்கள். ஒரு வாயில் இருந்தவை எவனோ அரைகுறை நட்டவை. ஒரு வாயில்கூடச் சிரிப்பு இல்லை.

"அண்ணி, நீங்க சிரிக்கல!"

"நான் நாள் பூரா சிரிப்பு செஞ்சு அனுப்பறவ. எனக்குப் போலி எது, அசல் எதுன்னு தெரியும்," என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். உள்ளே இருந்தது பதினோரு நிமிடம்.

அன்று பிற்பகல் தானாகவே லேடி டாக்டரிடம் போனாள். பட்டாம்பூச்சிக்குப் பதிலாக மாத்திரை கேட்கலாம் என்று எண்ணம். அந்த அம்மாளுக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். மேசைமேல் ஒரு குட்டி மின்விசிறியைத் தன் கழுத்தைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். நோயாளிக்குக் காற்று வருகிறதா என்றெல்லாம் கவலைப்படவில்லை. அது இவளுக்குப் பிடித்திருந்தது.

எல்லாவற்றையும் கேட்டு, ரத்த அழுத்தம் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு டாக்டர் நிமிர்ந்தார்.

"உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?"

"இல்ல," என்றாள். சட்டென்று சொன்னாள்.

டாக்டர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. தோணினா அந்த நிமிஷமே எனக்குச் சொல்லணும். மாத்திரை இருக்கு, ஹார்மோன் இருக்கு. தேவைன்னா தருவேன். ரிப்போர்ட் வரட்டும். அதுவரைக்கும் நடங்க. வாரத்துல அஞ்சு நாள், அரை மணி நேரம். வேடிக்கை பார்க்கற நடை இல்ல. பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது, அந்த அளவுக்கு மூச்சு வாங்கணும். வாரத்துல ரெண்டு நாள் கனமா எதையாவது தூக்குங்க. மனசுக்கும் நல்லது, எலும்புக்கும் நல்லது."

"நடந்தா இதெல்லாம் சரியாயிடுமா?"

"எல்லாம் ஆகாது. சூடு அப்படியேகூட இருக்கலாம். மனசு கொஞ்சம் தாங்கும். நிறைய பேருக்குத் தாங்குது."

"எனக்குத் தாங்கலன்னா?"

"ஆறு வாரம் கழிச்சு வந்து என்னைத் திட்டுங்க. கதவைச் சாத்திட்டு நல்லா திட்டலாம். அதுக்கப்புறம் வேற வழி பார்ப்போம்."

அந்தக் கடைசி வாக்கியம் இவளை இழுத்துப் பிடித்தது. ஒரு டாக்டரைத் திட்டுவதற்கு டாக்டரே நேரம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். அதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும் என்றால், சொன்னதை ஒரு நாள் விடாமல் செய்ய வேண்டும். 'நீங்க ஒழுங்கா செஞ்சிருக்க மாட்டீங்க' என்று யாரும் தப்பித்துக்கொள்ள வழி வைக்கக் கூடாது. அரைகுறை வேலை அவளுக்கு எதிலும் பிடிக்காது.

வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நகரத்துக்குக் குடிநீர் வழங்கும் தொட்டி வளாகம் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு நடைபாதை. சாதாரணமாக நடந்தால் ஒரு சுற்றுப் பதினைந்து நிமிடம். அங்கே மாலை ஐந்தரைக்குப் போனாள். நடக்கிறேன் என்று வந்திருந்த கூட்டத்தைப் பார்த்ததும் பாதி வியாதி ஏறிவிட்டது. ஒருவர் இரண்டு கைகளையும் காற்றாலை போலச் சுற்றிக்கொண்டு, கால்களை மட்டும் நகர்த்தாமல் நின்றார். இரண்டு பெண்கள் பாதையை அடைத்துக்கொண்டு மருமகள்களைப் பிரித்து மேய்ந்தபடி நகர்ந்தார்கள். மணமகள் வருவதுகூட அதைவிட வேகமாக இருக்கும். ஒரு ஆள் போனில் யாரையோ விரட்டிக்கொண்டே, பத்தடிக்கு ஒரு முறை நின்று, கைக்கடிகாரத்தில் எத்தனை அடி நடந்தோம் என்று பார்த்துப் பூரித்தார்.

இந்தக் கும்பலோடு ஒன்றாக எண்ணப்படுவதை நினைத்தே அவள் வேகம் பிடித்தாள். எல்லோரையும் தாண்டிக்கொண்டு போனாள். ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கியது. பாடிப் பார்த்தாள், வரவில்லை. சரியான அளவு என்று தெரிந்துகொண்டாள்.

முதல் வாரம் முட்டி வலித்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குக் கிட்டத்தட்ட சந்தோஷமாகவே இருந்தது. டாக்டர் தோற்றுக்கொண்டிருந்தார். செவ்வாயும் சனியும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்கள் இரண்டைக் கைக்கொன்றாகப் பிடித்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். கணவர் வாசலில் நின்று, "முதுக நேரா வெச்சுக்கோ," என்றார். ஒரு கேன் அவர் திசையில் நகர்ந்ததும் உள்ளே போய்விட்டார்.

இரண்டாம் வாரமும் குளியலறையில் வாளி நிரம்பியது. ஆனால் ஒரு நாள் நிரம்புவதற்குள்ளேயே அழுகை முடிந்துவிட்டது. மீதித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று யோசித்து, கிடையாது என்று முடிவு செய்தாள்.

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், சர்வேயரின் பல்செட் அவள் மேசைமேல் வைத்த இடத்துக்கே மறுபடி வந்திருந்தது. பல் டாக்டர் தானே சரிசெய்ய முயன்று, ஒரு ஓரத்தைக் கிழங்கு சீவுவது போலச் சீவி வைத்திருந்தார். சர்வேயர் வெளியே உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பயந்தவர் மாதிரி.

"உங்க பழைய போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். "சொந்தப் பல் இருந்தப்ப எடுத்தது. சிரிச்ச மாதிரி."

மறுநாள் கொண்டுவந்தார். கல்யாணப் படம். படத்தில் இருந்த இளைஞனின் முன்பற்களில் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருந்தது. அவளோ அணிவகுப்பில் நிற்கிற மாதிரி ஆறு பற்களையும் நேராக நட்டிருந்தாள். அந்த மனிதர் இவ்வளவு நாளும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எவனோ ஒருத்தனுடைய சிரிப்புதான் அது. இது முதல் முறையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இருபத்தாறு வருட அனுபவத்துக்கு அது வெட்கக்கேடு. மெழுகில் அந்த ஒரு பல்லைச் சற்றே திருப்பி, பக்கத்துப் பல்லின்மேல் ஏற்றி நட்டாள். ஒரு வாரத்தில் புதுசு தயாரானது. மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்த சர்வேயர் அந்த ஏறிய பல்லை நாக்கால் தடவிப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு," என்றாள் அவள், கையைத் துடைத்துக்கொண்டே.

"அது பரவால்லம்மா," என்றார் அவர். பிறகு, "கீழ்வரிசைல லேசா ஒரு உறுத்தல்..." என்று ஆரம்பித்தார்.

மூன்று வாரத்துக்கு முன்பு என்றால் அவரை அங்கேயே புதைத்திருப்பாள். இப்போது, இந்த ஜன்மம் திருந்தாது என்று நினைத்துக்கொண்டு, உறுத்துகிற இடத்தைக் காட்டச் சொன்னாள். அன்று மாலை தொட்டியைச் சுற்றி மூன்றாவது சுற்றில், தான் ஒருவரை வெறுக்காமலே இளப்பமாக நினைக்க முடிந்ததைக் கவனித்தாள். பழைய ருசி திரும்பியிருந்தது. கோபம் வந்தது. டாக்டர் ஜெயித்துவிடுவார் போலிருக்கிறது.

ஆறாவது வாரம் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். குட்டி மின்விசிறி இன்னும் டாக்டரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"திட்டுங்க," என்றார் டாக்டர்.

"சூடு குறையல. முட்டி வலி வேற சேர்ந்திருக்கு."

"ம்."

"அழுகை... வாரத்துல ஒரு நாள். சில வாரம் அதுவும் இல்ல." இதைச் சொல்லும்போது யாரோ கையை முறுக்குவது போல முகத்தை வைத்துக்கொண்டாள். "கொஞ்சம் பரவால்ல."

ஜெயித்த முகம் எதையும் டாக்டர் காட்டவில்லை. காட்டியிருந்தால் இவள் எழுந்து போயிருப்பாள். அது இல்லாததால்தான் அடுத்ததைச் சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க கேட்டதுக்குப் பொய் சொன்னேன். அப்ப தோணிட்டுதான் இருந்துச்சு. இப்ப இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அரை மணி நேரம் பேசினார்கள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள், டாக்டர் கண்டுகொள்ளவில்லை. இதற்கென்றே இருக்கிற ஒரு மனநல ஆலோசகரின் பெயரை எழுதிக் கையில் கொடுத்தார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சூட்டுக்கு மாத்திரை ஆரம்பிப்பதைப் பற்றியும் பேசினார். "நடைய விடாதீங்க. ஆனா நடை மட்டும் போதும்னு நானும் சொல்லல, நீங்களும் நினைக்காதீங்க," என்றார்.

அவள் முகத்தில் தெளிவு வந்ததைக் கணவர் கவனித்திருந்தார். கவனித்ததோடு நிறுத்தினாரா? தங்கையிடம் சொன்னார். மைக்கின் வகுப்புக்கு அந்த ஞாயிறு காலை ஆண்டு விழா. வாடகைக்கு எடுத்த மண்டபம், அறுபது எழுபது பெண்கள், நாற்காலி தூக்குவதற்காக இழுத்து வரப்பட்ட சில கணவர்கள். குடும்பத்துக்காக வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த அண்ணியை மைக் மேடைக்குக் கூப்பிட்டது.

"நம்ம வகுப்புல இருந்து தன் பயணத்த ஆரம்பிச்ச என் அண்ணி! இன்னைக்கு எப்படி இருக்காங்க பாருங்க! அவங்க கதைய அவங்களே சொல்வாங்க!"

மேடை ஏறினாள். கையில் ஒரு மைக்கைக் கொடுத்தார்கள்.

"நான் அந்த வகுப்புல இருந்தது பதினோரு நிமிஷம்," என்றாள். "அங்க எனக்குக் கிடைச்ச ஒரே பலன், வெளிய போற வழி எங்க இருக்குன்னு தெரிஞ்சது."

சிலர் சிரித்தார்கள். அசல் சிரிப்பு.

"எனக்குள்ள இருந்து பட்டாம்பூச்சி எதுவும் கிளம்பல. நடந்தா எல்லாம் மாறிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. என் வீட்டுக்காரர் மாறல. என் முதலாளி மாறல. தினமும் நடக்கறேன், கேன் தூக்கறேன். அத யாரும் சிரிச்சுக்கிட்டே செய்யணும்னு அவசியம் இல்ல. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டும் நடக்கலாம். வேலை செய்யுது."

மூன்றாவது வரிசையில் பருமனான ஒரு பெண் எழுந்தாள். பேருந்து நடத்துநர் சீருடையோடு வந்திருந்தாள்.

"எனக்குத் திடீர் திடீர்னு வேர்க்குதுங்க. உங்களுக்கு வேர்க்கறது நின்னுச்சா?"

"இல்ல."

"அப்ப என்னதான் பிரயோஜனம்?"

இதற்கும் ஒரு நக்கலைத்தான் அவள் எடுக்கப் போனாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அது வாய்க்கு வரவில்லை.

"வேர்க்குது. ஆனா வேர்த்து முடிஞ்சதும், நான் இல்லாமப் போயிட்டா நல்லா இருக்கும்னு இப்பத் தோணறது இல்ல. முன்னாடி தோணுச்சு. அத டாக்டர்கிட்ட சொல்லவே எனக்கு ஆறு வாரம் ஆச்சு. நீங்க அவ்வளவு நாள் எடுத்துக்காதீங்க. நாளைக்கே போங்க."

மண்டபத்தின் பின்பக்கம், இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போன அவள் கணவர் அப்படியே நின்றுவிட்டார். மைக்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாட்டைப் போட்டுவிட்டது. துள்ளிக் குதிக்கிற பாட்டு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கணவர் காரை ஓரம் கட்டினார். நிறுத்தக் கூடாத வளைவு அது. மாணவர் யாராவது அங்கே நிறுத்தியிருந்தால் அரை மணி நேரம் பாடம் எடுத்திருப்பார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மூச்ச இழுத்து விடச் சொல்வீங்க."

அவர் ஸ்டீயரிங்கை, மற்றவர்களுக்கு முப்பது வருடமாக அப்படிப் பிடிக்காதே என்று சொல்லிக் கொடுக்கிற இறுக்கத்தோடு பிடித்திருந்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் நகர்த்தவில்லை.

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"முதல்ல வண்டிய எடுங்க. பின்னாடி வர்றவன் நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து மேல அனுப்பிடுவான்."

மறுநாள் மாலை ஐந்தரைக்கு அவள் கிளம்பியபோது அவரும் காலணி மாட்டிக்கொண்டு நின்றார். கடையில் அன்றுதான் வாங்கியது, விலை அட்டைகூடக் கிழிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என விட்டுவிட்டாள்.

தொட்டியின் முதல் வளைவு வரை கூடவே வந்தார். இரண்டாவது வளைவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆயுள் முழுக்க உட்கார்ந்தே ஊர் சுற்றிய உடம்பு. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் பாட வரும், அது தப்பு அளவு. ஒரு முழுச் சுற்று முடித்து அவள் திரும்பி வந்தபோது அவர் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இவ்வளவு... வேகமாவா... தினமும் நடக்கற?"

"இது மெதுவு."

"நாளைக்கும்... வருவேன்."

"வாங்க. ஆனா ஒரு வார்த்த பேசக் கூடாது. முதுக நேரா வைன்னு சொன்னீங்கன்னா அந்தத் தொட்டிக்குள்ள தள்ளிவிட்டுடுவேன்."

அவர் தலையை ஆட்டினார். பேசும் நிலையிலும் இல்லை. அவள் அடுத்த சுற்றுக்குத் திரும்பினாள். பாதையை அடைத்துக்கொண்டு மருமகள் புராணம் பாடிக்கொண்டிருந்த இரண்டு பெண்களையும் முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.